அறிவுரைக்குப் பஞ்சமில்லை, பிறகு கோச் எதற்கு?

(காட்சி: மாலை நேரம். சோழிங்கநல்லூர் சிக்னலில் வரிசையாக நிற்கும் அலுவலகப் பேருந்துகள்.)

"வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்று சென்னையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பெரியப்பா ஒன்று சொல்வார். பக்கத்து இருக்கை நண்பர் வேறொன்று சொல்வார். அடுக்ககத்து லிஃப்டில் இறங்குவதற்குள் மூன்றாவது யோசனையும் கிடைத்துவிடும். எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். அப்படியிருக்க, பணம் கொடுத்து ஒரு கோச்சிடம் ஏன் போகிறார்கள்?

நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங் சென்டரைப் பற்றி இங்கே பேசவில்லை. வேலையிலோ வாழ்க்கையிலோ ஒரு திருப்பத்தில் நிற்பவருடன் உட்கார்ந்து, கேள்விகள் கேட்டு, அவரே ஒரு முடிவுக்கு வர உதவுகிறவரைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் மீது அன்பு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நம் முடிவில் பங்கு இருக்கிறது. வீட்டுக்கடன் தவணை என்ன ஆகும் என்று மனைவி நினைக்கிறார். சம்பந்தி வீட்டில் என்ன பதில் சொல்வது என்று அப்பா நினைக்கிறார். மேலாளருக்கு இந்த மாத வேலை முடிந்தாக வேண்டும். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் இவர்கள் முன்னால் வாய்விட்டு யோசிக்க முடிவதில்லை. பாதி பேசும்போதே அவர்கள் முகம் வாடுகிறது, நாமும் பேச்சை மாற்றிவிடுகிறோம். நம் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர் முன்னால்தான் மிச்சப் பாதியையும் பேச முடிகிறது. என்னைக் கேட்டால், இதுதான் முதன்மையான காரணம்.

(காட்சி: சிறிய அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்.)

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகக் குழுத்தலைவர் ஆகியிருக்கும் பெண் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்கும் மற்றவர்கள் எழுதிய நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நேரம் போதவில்லை என்றுதான் கோச்சிடம் வருகிறார்.

"நேற்று நீங்கள் செய்த வேலைகளில், குழுவில் வேறு யாராவது செய்திருக்கக் கூடியவை எவ்வளவு?"

"பாதிக்கு மேல் இருக்கும்."

"ஏன் கொடுக்கவில்லை?"

"தப்பு வந்துவிடும்."

"வந்தால்?"

அவர் பதில் சொல்லவில்லை. கோச்சும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்கிறார்: "தப்பே வராவிட்டால், அப்புறம் நான் எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது."

அவருடைய சிக்கல் கடிகாரத்தில் இல்லை. விடியற்காலையில் எழுந்திரு என்று ஆயிரம் பேர் சொல்லியிருந்தாலும் இந்த இடத்துக்கு அவர் வந்திருக்க மாட்டார். வியாழக்கிழமைக்குள் ஒரு வேலையை ஓர் இளையவரிடம் முழுமையாக ஒப்படைப்பதாக அவரே முடிவு செய்கிறார். அடுத்த சந்திப்பில் கோச்சின் முதல் கேள்வி: "வியாழக்கிழமை என்ன ஆயிற்று?" இப்படி மறக்காமல் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவே போகிறவர்களும் நிறைய.

திறமைசாலிகளுக்கும் இது தேவைப்படுகிறது. பாஸ்டனில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த அதுல் கவாண்டே, அனுபவம் முதிர்ந்த காலத்தில், ஓய்வுபெற்ற தன் ஆசிரியரைச் சிகிச்சை அரங்குக்கு அழைத்து, தான் வேலை செய்வதைப் பார்க்கச் சொன்னார். அதைப் பற்றி 2011இல் எழுதினார். விளக்கின் வெளிச்சம் காயத்தை விட்டு விலகியிருந்ததை ஆசிரியர் கவனித்துச் சொன்னார். கத்தியைப் பிடித்திருந்தவர் கண்ணுக்கு அது படவே இல்லை.

நம் ஊர் குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சதுரங்கச் சாம்பியன் ஆனபோது, காய் நகர்த்தல்களுக்குத் தனிப் பயிற்சியாளர் இருந்தார். மனத்திடத்துக்கென்று பேடி அப்டன் என்ற பயிற்சியாளரும் இருந்தார். அப்டன் சதுரங்க நிபுணர் அல்ல.

(காட்சி: கைப்பேசித் திரையில் 14416 என்ற எண்.)

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் கோச்சிடம் போகாதீர்கள். அது மனநல மருத்துவரின் பொறுப்பு. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கோச் ஆக இந்தியாவில் உரிமம் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை மணி நேரம் கோச்சிங் செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். 1995இல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பு, தன் முதல் நிலைச் சான்றிதழுக்கே 100 மணி நேர அனுபவம் கேட்கிறது.

கட்டணத்தை உங்கள் நிறுவனம் கட்டுகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மீண்டும் ஒரு பங்குதாரர் நுழைந்துவிடுகிறார். அறைக்குள் பேசியதில் எது மனிதவளத் துறைக்குப் போகும், எது போகாது என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே மூன்று தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். எழுதித் தர மாட்டோம் என்றால், அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.