டிரைவர் இல்லாத மின்சார வண்டி: சிங்கப்பூர் எங்கிருந்து தொடங்கியது?

[திரையில்: சிங்கப்பூர் வரைபடம், சாலைகள் மட்டும் சிவப்பு நிறத்தில்]

வணக்கம். டிரைவர் இல்லாத மின்சார வண்டி என்றதும் நாம் எல்லோரும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறோம். எந்தக் கம்பெனி, என்ன விலை, எத்தனை கேமரா என்று. ஒரு அரசாங்கம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வண்டி வீட்டுக்கு ஒன்றா, ஊருக்குப் பொதுவா?

வீட்டுக்கு ஒன்று என்றால் என்ன ஆகும் பாருங்கள். காலையில் உங்களை ஆபீஸில் இறக்கிவிடும். பார்க்கிங் செலவை மிச்சம் பிடிக்க, காலியாகவே வீட்டுக்குத் திரும்பும். சாயங்காலம் மறுபடி காலியாக வரும். ஒரு நாளைக்கு இரண்டு நடை போன வண்டி நான்கு நடை போகும். புகை இருக்காது, நெரிசல் கூடும்.

சிங்கப்பூருக்கு இது கட்டுப்படியாகாது. அதன் நிலத்தில் 12 சதவீதம் ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது. அங்கே கார் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதுவும் 10 வருடத்துக்குத்தான் செல்லும். 2018 பிப்ரவரியில் கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்ஜியமாகவே குறைத்துவிட்டார்கள். அதனால் டிரைவர் இல்லாத வண்டிக்கான திட்டத்தில் பஸ், ஷட்டில், சரக்கு வண்டி ஆகியவற்றுக்குத்தான் முதல் இடம். என்னைக் கேட்டால், மொத்தத் திட்டத்திலும் சரியான முடிவு இதுதான்.

[திரையில்: ஒன்-நார்த் பகுதிச் சாலைகள்]

2014இல் போக்குவரத்து அமைச்சு இதற்கென ஒரு குழு அமைத்தது. 2015இல் ஒன்-நார்த் என்ற ஆராய்ச்சி, தொழில் வட்டாரத்தின் சாலைகள் சோதனைக்குத் திறந்துவிடப்பட்டன. 2016 ஆகஸ்டில் நூட்டானமி என்ற நிறுவனம் அங்கே பொதுமக்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தது. இரண்டே மாதத்தில், லேன் மாறும்போது அதன் கார் ஒரு லாரியில் இடித்தது. மெதுவாகப் போனதால் யாருக்கும் காயமில்லை. காரணம் மென்பொருள் கோளாறு.

2017இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய சட்டம், ஸ்டீயரிங் பிடிக்க ஒரு மனிதர் இருப்பார் என்று வைத்து எழுதியது. தானோட்டி வண்டிச் சோதனைக்குத் தனி விதிகள் வகுக்க இந்தத் திருத்தம் வழி செய்தது. வண்டி எப்படி ஓடியது என்று பதிவாகும் கருவி இருக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதிகளில் வந்தன.

அப்புறம் சோதனைத் தளம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஜூரோங்கில், சுமார் 2 ஹெக்டேரில், 2017 நவம்பரில் திறந்தார்கள். சிக்னல், பஸ் நிறுத்தம், பாதசாரிகள் கடக்குமிடம் எல்லாம் அசல் சாலை மாதிரியே. முக்கியமான விஷயம், அங்கே செயற்கையாக மழையும் பெய்ய வைக்கலாம். அந்த ஊர் மழையில் துளிகள் லேசர் உணரியின் ஒளியைச் சிதறடித்துவிடும். எதிரே இருப்பது ஆளா, தண்ணீரா என்று வண்டிக்குக் குழப்பம் வரும். கலிஃபோர்னியாவில் வெயிலில் ஓடிப் பழகிய மென்பொருளை இங்கே அப்படியே நம்ப முடியாது. இந்தத் தளத்தில் தேறினால்தான் பொதுச்சாலைக்கு அனுமதி.

சரி, மின்சாரம்?

[திரையில்: வீவக அடுக்குமாடி, கீழே கார் நிறுத்துமிடம்]

அங்கே 10 பேரில் சுமார் 8 பேர் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். தனி வீடு இருந்தால் வாசலிலேயே ப்ளக் வைத்துக்கொள்ளலாம். பத்தாவது மாடியில் இருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார்? அதனால் வேலை வீவக கார் நிறுத்துமிடங்களில் ஆரம்பித்தது. 2030க்குள் நாடு முழுக்க 60,000 சார்ஜிங் முனைகள் என்பது இலக்கு. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய்மையான எரிசக்திக்கு மாற வேண்டும்.

வரியையும் மறக்கவில்லை. பெட்ரோல் போடாதவர் பெட்ரோல் தீர்வையும் கட்ட மாட்டார். அதை ஈடுகட்ட, மின்சார கார்களின் சாலை வரியில் ஒரு தொகையைச் சேர்த்தார்கள்: 2021இல் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2022இல் 400, 2023 முதல் வருடத்துக்கு 700. மின்சார கார்கள் கொஞ்சமாக இருக்கும்போதே இதைச் செய்ததைப் பாராட்டுகிறேன். எல்லோரும் மாறிய பிறகு புது வரி போட எந்த அரசுக்கும் துணிச்சல் வராது.

எல்லாம் சொன்ன நேரத்தில் நடந்ததா என்றால், இல்லை. பொங்கோல், தெங்கா, ஜூரோங் புத்தாக்க வட்டாரம் ஆகிய மூன்று இடங்களில் டிரைவர் இல்லாத பஸ் ஓட 2022ஐக் குறித்திருந்தார்கள். அந்த வருடம் பஸ் வரவில்லை. 2025 செப்டம்பரில்தான் பொங்கோலில் ஷட்டில் விட இரண்டு நிறுவனக் கூட்டணிகளை நிலப் போக்குவரத்து ஆணையம் தேர்ந்தெடுத்தது: கிராப்–வீரைட், கம்ஃபர்ட்டெல்குரோ–போனி ஏஐ. தொடக்கத்தில் வண்டிக்குள் ஒரு பாதுகாப்பு ஊழியர் இருப்பார். தேதிக்காக அவசரப்பட்டு ஆளை ஏற்றாததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

[திரையில்: பஸ் வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம்]

எனக்கு இருக்கும் கவலை, அந்த ஊழியரும் இறங்கிய பிறகு என்ன என்பதுதான். இன்றைக்கு சக்கர நாற்காலியில் ஒருவர் நிறுத்தத்தில் காத்திருந்தால், பஸ் ஓட்டுநர் எழுந்து வந்து, சாய்தளத்தை விரித்து, அவரை உள்ளே ஏற்றி, நாற்காலி சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஓட்டுநர் பற்றாக்குறையைச் சமாளிக்க வரும் வண்டியில் இந்த வேலையைச் செய்யப்போவது யார்? ஷட்டில் வீட்டுப் பக்கத்திலேயே வர வேண்டும் என்று அதிகம் எதிர்பார்ப்பவர்கள் இவர்களும் வயதானவர்களும்தான். ஊழியர் வண்டியை விட்டு இறங்கும் முன்பே இதற்கும் ஒரு விதி எழுதி வைக்க வேண்டும்.