போர்விளையாட்டு மேசையை வன்னியில் விரிப்பது

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சிற்றுருப் போர்விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக அதைப் பற்றி முதலில் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். பெரியதொரு மேசையின்மேல் வயல், காடு, ஆறு, ஊர் ஆகியவற்றைச் சிறிதாக்கி அமைத்து, விரல்நகம் அளவிலிருந்து கட்டைவிரலின் மேற்கணு அளவு வரையான வண்ணந்தீட்டிய உருவங்களைப் படைகளாக நிறுத்தி, அளவுநாடாவால் தூரத்தை அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதலின் முடிவைக் கண்டு ஆடும் ஆட்டம் இது. இருவரும் ஆடலாம், அறுவரும் ஆடலாம். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தம் அரசருக்குக் காட்டிய போர்மேசையும், அவருடைய மகன் 1824இல் வரைபடத்தோடும் நடுவரோடும் செம்மைப்படுத்திய வடிவமும் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக உருவானவை. அதே எண்ணத்தை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்து, பொம்மைச் சிப்பாய்களையும் மரக்குச்சியை எய்யும் வில்சுருள் பீரங்கியையும் வைத்து, 1913இல் ஆட்டவிதிகளை நூலாக வெளியிட்டவர் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். 1961இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் இத்துறை ஆர்வலர்கள் ஒன்றுகூடினார்கள். 1968இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்கிய கூட்டம் இன்று ஜென் கான் என்ற பெயரில் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது.

அந்த ஒன்றுகூடல்களை ஆடுபவர்கள் ஆடுபவர்களுக்காகவே நடத்துகிறார்கள். அங்கே நுழைபவருக்கு மேசையில் இருப்பது விளையாட்டு என்பது தெரியும். அதைத் தேடித்தான் அவர் வந்திருப்பார். இலங்கையின் வடக்கே, உள்நாட்டுப் போர் நடந்த நிலமாகிய வன்னியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தின் கதவைத் திறந்து இதே மேசைகளை விரித்தால், தெருவில் போகும் தாயும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தந்தையும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் போரை மேசையில் பார்த்தவர்கள் அல்லர். ஆகவே இங்கே ஒன்றுகூடலை ஒழுங்குசெய்பவர், ஆடுபவருக்கு முன்னதாக, ஆட்டம் எதுவென்று அறியாமல் வாசலில் நுழைபவரை எண்ணியே ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய அளவில் இதைச் செய்துவரும் அனுபவத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

முதல் முடிவு, எந்தப் போர் மேசைக்கு வரலாம் என்பது. மண்டபத்திற்குள் இருக்கும் எவருடைய நினைவிலும் உயிரோடு இருக்கும் போர் எங்கள் மேசைக்கு வராது. இதில் விதிவிலக்கு வைக்கவில்லை. வைத்தால் ஒவ்வொரு முறையும் வாதம் எழும். இரண்டாம் உலகப்போர் பல நாடுகளில் மிக விருப்பமான காலப்பகுதி. ஆனால் போர்த்தாங்கியையும் குண்டுவீச்சு விமானத்தையும் கண்டு இங்கே ஒருவர் முகம் திருப்புவாரானால், அது எந்த நாட்டுத் தாங்கி, எந்த ஆண்டு என்று நாம் விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதனால் விமானம் உள்ள போர்கள் அனைத்தையும் விலக்கினோம். வெடியோசையைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுவதும், பஞ்சில் புகை செய்து வைப்பதும், சிவப்பு மை பூசிய உருவங்களும் கிடையா. வீழ்ந்த வீரர் உருவத்தை மேசையில் கிடத்தாமல் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவோம். இது அழகியலுக்கு இழப்பு என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். இருந்தும் விதி அப்படியே இருக்கிறது.

இப்படி விலக்கிய பின்னும் ஆடுவதற்குப் போதிய போர்கள் இருக்கின்றன. நம் புறத்திணை மரபே ஆட்ட வகைகளை அழகாகப் பிரித்துத் தந்திருக்கிறது. ஆநிரை கவர்தல் வெட்சி, அதை மீட்டல் கரந்தை, அரணை வளைத்தல் உழிஞை, அரணைக் காத்தல் நொச்சி, களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை. புதிதாக வருபவரை நாங்கள் அமர்த்துவது வெட்சி மேசையில்தான். ஒரு பக்கத்தார் ஆறு மந்தைகளை மேசையின் மறுகரைக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். மறுபக்கத்தார் அவற்றைத் திருப்ப வேண்டும். மந்தையை விரைவாக ஓட்டினால் அது சிதறும் வாய்ப்பும் கூடும் என்று பகடைக்கு ஒரு விதி வைத்திருந்தோம். ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்ற வயதான கமக்காரர் ஒருவர், "தம்பி, மாடு உப்பிடிச் சிதறாது, மணி கட்டின மாடு எங்க போகுதோ, மற்றதுகள் அதுக்குப் பின்னாலதான் போகும்" என்று சொல்லிவிட்டு, எந்த மாட்டுக்கு மணி கட்டுவது வழக்கம், அது மிரண்டால் மந்தை என்ன செய்யும் என்பதையெல்லாம் கால் மணி நேரம் விளக்கினார். அன்றே ஒவ்வொரு மந்தையிலும் ஓர் உருவத்தின் கழுத்தில் மஞ்சள் புள்ளி வைத்து விதியையும் மாற்றினோம். ஆட்டம் அதன்பின் இரட்டிப்புச் சுவையாயிற்று. யாரும் சாகாமலே வெற்றி தோல்வி தீர்மானமாகும் ஆட்டம் என்பதனால் பார்வையாளர் கூட்டம் அதிகம் நிற்பதும் இந்த மேசையைச் சுற்றித்தான்.

பெரிய மேசைக்கு நாங்கள் தேர்ந்தது 1803. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31ஆம் திகதி அவனை ஆங்கிலேயப் படையின் தளபதி டிறிபேர்க் தோற்கடித்தான் என்பதை ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடுவில் நடப்பட்ட கல்லில் பொறித்தார்கள். அப்போது ஆங்கிலேயப் படைகள் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் புறப்பட்டு வந்தன. விளையாட்டாக்குவதற்கு இதைவிடச் சிறந்த பொருள் கிடைப்பது அரிது. ஒரு படைக்கும் மற்றப் படைக்கும் இடையே காடு; செய்தி கொண்டு செல்பவன் எப்போது வந்து சேர்வான் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே மூன்று படைப்பிரிவுகளையும் மூன்று பேரிடம் கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று விதித்து, துண்டுக் கடதாசியில் எழுதிய செய்தியை நடுவரிடம் மட்டும் கொடுக்கச் செய்தோம். நடுவர் பகடையை உருட்டி, அச்செய்தியை எத்தனை சுற்றுக்குப் பின்னர் சேர்ப்பிப்பது என்று முடிவுசெய்வார். நடுவர் ஒருவரே முழு நிலையையும் அறிந்திருத்தல் என்பது இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த முறைதான். காடும் குளமும் நிறைந்த எங்கள் மேசைக்கு அது நன்றாகப் பொருந்தியது. வன்னியன் பக்கம் ஆடுபவர் இம்மூவருள் எவரை முதலில் சந்திப்பது, எவரை வெறுங்காட்டில் அலையவிடுவது என்று சிந்திப்பதைப் பார்ப்பதே ஒரு பாடமாக இருக்கும்.

பக்கத்தைத் தேர்வது சீட்டுக் குலுக்கலால் மட்டுமே. வருகிற சிறுவர் எல்லாரும் பண்டாரவன்னியனாகவே ஆட விரும்புவார்கள். டிறிபேர்க்காக ஆடச் சீட்டு விழுந்த பிள்ளை முதலில் முகத்தைத் தொங்கப்போட்டாலும், இரண்டாம் சுற்றில் தன் படையை எப்படிக் காப்பது என்று மும்முரமாகிவிடும். தமிழ் மன்னன் எல்லாளனுக்கும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கும் நடந்த போரை வைக்கும்படி பலர் கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு வைப்பதில்லை. வவுனியாவுக்கு அனுராதபுரத்திலிருந்து ரயிலில் வந்து போகக்கூடிய சிங்கள இளைஞர்களும் இந்த மேசைகளில் அமர வேண்டும் என்று விரும்புகிறோம். பகடை விழுவதை இரண்டு பாட்டனார்களின் வழக்காக எவரும் எண்ணிவிடக்கூடாது. விதித்தாளை இரு மொழிகளிலும் அச்சிடுவதும் இதனால்தான்.

இனி மேசைக்கு வருவோம். வழமையான அளவு 6 அடிக்கு 4 அடி. அகலம் 4 அடிக்கு மேற்போனால் நடுவில் உள்ள உருவத்துக்குக் கை எட்டாது. எட்டி விழுந்து எடுப்பவரின் சட்டைக்கை பாதிப் படையைச் சாய்த்துவிடும். கடையில் விற்கும் ப்ளைவூட் பலகை 8 அடிக்கு 4 அடி. அதில் 6 அடி நீளத்தை அறுத்தால் ஒரு பெருமேசை கிடைக்கும். எஞ்சும் துண்டை நடுவே பிளந்தால் 2 அடிச் சதுரப் பலகைகள் இரண்டு வரும். பழங்காலப் போர்களை ஆடுவதற்கான, டி.பி.ஏ. என்று அழைக்கப்படும் விதித்தொகுதி 1990இல் வெளியானது; அதில் ஒரு படைக்குப் பன்னிரண்டு அலகுகள் மட்டுமே, 15 மில்லிமீற்றர் உருவங்களுக்கு 2 அடிச் சதுரமே களம், ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே ஒரே பலகையில் ஒரு பெரிய ஆட்டத்துக்கும் இரண்டு சிறிய ஆட்டங்களுக்கும் இடம் அமைகிறது, ஒன்றும் வீணாவதில்லை. பலகைகளைப் பாடசாலை மேசைகளின்மேல் வைத்தால் போதும். மேடு பள்ளத்துக்கு ரெஜிபோம் என்னும் வெண்ணுரைத் தகட்டுத் துண்டுகள், புல்லுக்குப் பச்சைச் சாயம் ஊறிய மரத்தூள், பனைக்குப் பழைய தூரிகைகள் என்று மற்றவை வீட்டிலேயே தேறும்.

உருவங்கள்தான் செலவு பிடிப்பவை. ஈய உலோகத்தில் வார்த்த 28 மில்லிமீற்றர் உருவங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது மாணவருக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் பெரும்பாலும் கடதாசி உருவங்களையே பயன்படுத்துகிறோம். படத்தை வரைந்து, தடித்த தாளில் அச்சிட்டு, மடித்து ஒட்டி நிறுத்துவோம். இங்கே வன்னிக்கேயுரிய சிக்கல் ஒன்று உண்டு. மின்விசிறியைச் சுழலவிட்டால் கடதாசிப் படை பறக்கிறது. நிறுத்தினால் ஆடுபவர்கள் வியர்வையில் குளிக்கிறார்கள். இரும்புச் சாமான் கடையில் விற்கும் வொஷர் ஒன்றை ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் ஒட்டிய பின்னரே இதற்கு முடிவு கிடைத்தது. அதோடு, பெட்டியின் அடியில் காந்தத் தாளை விரித்துவிட்டால், பேருந்து எவ்வளவு குலுங்கினாலும் படை அணிகுலையாமல் வந்து சேரும். முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக்கில் உருவம் செய்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை: அது 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கிவிடும், வெயிலில் கண்ணாடி அடைத்து நிறுத்திய வாகனத்துக்குள் ஈட்டிகள் வளைந்துவிடுவதைக் காணலாம். வண்ணம் தீட்டும்போதும் வெயில் தன் வேலையைக் காட்டும். தட்டில் வைத்த அக்ரிலிக் வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துபோகும். ஈரத்துணியை மடித்து வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாளை விரித்து அதில் வண்ணத்தைக் கலந்தால் நெடுநேரம் தாங்கும்.

நாள் குறிப்பதில் கவனம் தேவை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். ஓகஸ்ட் நடுவில் மடு மாதா திருவிழா. மே நடுப்பகுதியும் நவம்பர் பிற்பகுதியும் எங்கள் மக்கள் இறந்தோரை நினைவுகூரும் நாட்கள். அவற்றின் அருகிலும் போகக்கூடாது. இவற்றுக்கும் பரீட்சைகளுக்கும் இடையே எஞ்சும் ஞாயிற்றுக்கிழமைகள் சிலவே. மண்டபத்துக்கு விண்ணப்பிக்கும்போது கடிதத்தோடு மேசையின் புகைப்படத்தையும் இணையுங்கள். போர்விளையாட்டு என்ற தலைப்பை மட்டும் படித்தால் எந்த அலுவலருக்கும் ஐயம் எழுவது இயல்பே. மாடும் பனையும் உள்ள படத்தைக் கண்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

ஆட்டத்தை நடத்துபவர் ஆடக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஆர்வமுள்ளவர்கள் மீறுவார்கள். நடத்துபவரின் வேலை, மேசைக்கு வந்தவர் பத்து நிமிடங்களுக்குள் பகடையைக் கையில் எடுக்குமாறு செய்வதும், வேடிக்கை பார்ப்பவருக்கு என்ன நடக்கிறது என்று இடையிடையே எடுத்துச் சொல்வதும்தான். விதிகள் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காதவற்றை அவர் தலையில் வைத்துக்கொள்ளட்டும். காலை ஒன்பது மணிக்கு ஓர் ஆட்டம், சாப்பாட்டுப் பார்சலுக்குப் பின் மற்றோர் ஆட்டம், மாலை நாலரைக்கு முடிவு. உள்ளூர்களுக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையின் பெற்றோர் அடுத்தமுறை அப்பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

போட்டி வேண்டும் என்பவர்களுக்குச் சிறு பலகைகளில் சுவிஸ் முறைப் போட்டி நடத்தலாம். சதுரங்கப் போட்டிகளில் நம் மாணவர்கள் நன்கு பழகிய முறைதான் அது. ஒருவரையும் வெளியேற்றாமல், சம புள்ளி பெற்றவர்களை அடுத்த சுற்றில் மோதவிட்டால், எட்டுப் பேருக்கு மூன்று சுற்றிலும் பதினாறு பேருக்கு நான்கு சுற்றிலும், சமநிலை முடிவுகள் இல்லாதவரை, தோல்வியே காணாதவர் ஒருவர் மட்டும் எஞ்சுவார். வண்ணந்தீட்டலுக்குத் தனிப் பரிசு வையுங்கள். ஆட்டத்தில் நாட்டமில்லாமல், ஒரு யானையின் நெற்றிப்பட்டத்தை மூன்று மணி நேரம் பொறுமையாகத் தீட்டுகிற பெண்பிள்ளைகளை இந்தப் பரிசு மண்டபத்துக்கு அழைத்து வருகிறது. வெட்சி மேசையின் மாடுகளில் பாதியை இப்போது தீட்டித் தருபவர்கள் அவர்களே.

முடிவில், பலகைகளை எவர் வீட்டில் வைப்பது என்ற கேள்வி எஞ்சும். எங்கள் சிறு பலகைகளை ஒரு சனசமூக நிலையம் தன் வாசிகசாலையில் வைத்திருக்க இணங்கியிருக்கிறது. கிழமை நாட்களில் மாலை வேளைகளில் பிள்ளைகள் அவற்றை எடுத்து ஆடலாம், வொஷர் கழன்ற உருவங்களை மட்டும் தனிப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பெருமேசைப் பலகைக்கு இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.