ஆலோசனை அறைக்கு ரெஜிஸ்டர் எதற்கு?

வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான மனநல ஆலோசனை பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளில் ஆலோசகராக வேலை செய்கிறவள் நான். மன அழுத்தத்தைக் குறைக்கப் பத்து வழிகள் சொல்வேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னியுங்கள். நன்றாகத் தூங்கு, காலையில் நட, மூச்சை இழுத்து விடு என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. நான் பேச வந்தது ஆலோசனை அறையைப் பற்றி. கல்லூரிக்குள் அப்படி ஓர் அறை இருந்தும் பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதைப் பற்றி.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருந்தாக வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், உயர்கல்வி மாணவர்களின் தற்கொலைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்திருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 13,044 மாணவர்களை இப்படி இழந்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த எண்ணிக்கை இது.

ஆகவே இனி எல்லாக் கல்லூரியிலும் பலகை மாட்டிவிடுவார்கள், சந்தேகமில்லை. பழைய ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்து, இரண்டு நாற்காலி போட்டு, 'கவுன்சிலிங் சென்டர்' என்று எழுதிவிடலாம். உள்ளே யாரை உட்கார வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல இடங்களில் ஏதாவது ஒரு துறையின் ஆசிரியருக்கே 'கூடுதல் பொறுப்பு' என்று கொடுத்துவிடுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் டியூட்டர் முறை பல காலமாக இருக்கிறது. சில இடங்களில் மென்டர் என்பார்கள். இருபது முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது மென்டருக்கும் மாணவருக்கும் விகிதம் என்ன என்று கேட்கும் என்பதால், அதற்கென ஒரு நோட்டும் இருக்கும். 'வருகைப் பதிவு குறைவு, அறிவுரை கூறப்பட்டது' என்று எழுதி, கீழே மாணவர் கையெழுத்து. நான் இதைக் கேலி செய்யவில்லை. தன் சம்பளத்திலிருந்து மாணவனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிய டியூட்டர்கள் உண்டு. காய்ச்சலில் கிடந்த பெண்ணை விடுதியிலிருந்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்கள் உண்டு. ஆனால் அதே ஆசிரியர்தான் இன்டர்னல் மதிப்பெண் போடுகிறார். 75 சதவீத வருகை இருக்கிறதா என்று பார்க்கிறவரும் அவர்தான். குறைந்தால் அப்பாவுக்குப் போன் போடுகிறவரும் அவர்தான். அவரிடம் போய் ஒரு பையன், 'சார், ரெண்டு மாசமா எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கல' என்று எப்படிச் சொல்வான்? 'காய்ச்சல் சார்' என்பான். அத்தோடு முடிந்தது.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் எனக்கு முதல்வர் அறைக்குப் பக்கத்திலேயே அறை கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். வாசலில் கேமரா. மேஜையில் ஒரு ரெஜிஸ்டர்: பெயர், துறை, பதிவு எண், வந்த காரணம். கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். வாரக்கணக்கில் நானும் அந்த நோட்டும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பிறகு கெஞ்சி, நூலகத்தின் பின்பக்கம் பழைய இதழ்கள் அடுக்கியிருந்த அறைக்கு மாறினேன். ரெஜிஸ்டரை எடுக்கச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. 'அப்புறம் ஆடிட்டுக்கு எதைக் காட்டுவது?' என்றார்கள். மாதத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் தருகிறேன், பெயர் தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த பலரும் தனக்காக வரவில்லை. 'மேம், என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை, அவ என்ன செய்யணும்?' இந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த ஃபிரெண்டைத் தெரியும் என்பார்கள். நான் கேட்டுக்கொள்வேன். ஃபிரெண்டுக்கே பதில் சொல்வேன். இரண்டாம் முறை வரும்போது 'அவ' போய் 'நான்' வந்துவிடும்.

அப்படி என்னதான் பிரச்சினை என்று பெற்றோர் கேட்கிறார்கள். காதல் தோல்வி இருக்கிறது, ராகிங் இருக்கிறது, விடுதி அறையில் சாதி பார்ப்பது இருக்கிறது, லோன் ஆப்பில் மாட்டிக்கொண்டது இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் அதிகம் வருவது அரியர். சிரிக்காதீர்கள். தமிழ் வழியில் பிளஸ் டூ படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பையன் பொறியியல் சேர்கிறான். குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி. அரசின் கல்விக் கட்டணச் சலுகையும் கிடைத்திருக்கிறது. முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடக்கும் கணிதம் புரியவில்லை. ஒரு பேப்பர் போகிறது. ஊரில் எல்லோரும் 'எஞ்சினியர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், இதை எப்படிச் சொல்வது? 'எல்லாம் பாஸ்' என்று சொல்லிவிடுகிறான். அடுத்த செமஸ்டரில் பழைய பேப்பரோடு புதுசு இரண்டு. பொய்யும் சேர்ந்து வளர்கிறது. மூன்றாம் ஆண்டில் வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனி 'நிலுவையில் அரியர் கூடாது' என்கிறது. சிலர் 'முன்பு வைத்திருந்ததே கூடாது' என்கிறார்கள். அன்றைக்குத்தான் அவனுக்குத் தூக்கம் போகிறது, தலை வலிக்கிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அவன் என்னிடம் வந்து சொல்வது தலைவலியை மட்டும்.

இவனுக்கு நான் என்ன செய்வேன்? அட்வைஸ் கொடுக்க மாட்டேன்; அது அவனுக்கு ஊரெல்லாம் கிடைக்கிறது. முக்கால் மணி நேரம் பேச விடுவேன். பிறகு ஒரு தாளை எடுத்து, எந்தப் பேப்பர், எந்த செமஸ்டர், எது எளிது, எது கடினம் என்று அவனையே எழுதச் சொல்வேன். மலை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது தாளில் ஐந்து வரியாக நிற்கும். அவன் சம்மதித்தால், துறைத் தலைவரிடம் பேசி ஒரு சீனியரை அந்தப் பாடத்துக்கு உதவச் சொல்வேன். காரணம் சொல்ல மாட்டேன், 'இந்த மாணவருக்கு உதவி தேவை' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வீட்டில் உண்மையைச் சொல்வதற்கு ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறோம். நான்தான் அப்பா வேஷம். கட்டணம்தான் பிரச்சினை என்றால் எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்ப்போம். அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் ஏதோ கோளாறு, பணம் வரவில்லை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் படிப்பையே விட நினைத்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டது கூட ஓர் ஆள் வந்து வங்கிக் கவுண்டரில் நிற்பது.

ஒரு விதியை மாற்றுவதும் பெரிய உதவிதான். சென்னையில் 1986-இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். பிளஸ் டூவில் தவறியவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாட்டுக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அந்த ஏற்பாடு எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு வருஷத்தை மீட்டுக் கொடுத்தது.

சரி, ரகசியத்துக்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை ஓர் உரிமையாகவே சொல்கிறது. அதற்கு எல்லையும் உண்டு. முதல் நாளே மாணவரிடம் அதைச் சொல்லிவிடுவேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்பேன். இன்னொன்று, முதலாண்டு மாணவர்கள் சிலருக்கு 18 வயது ஆகியிருக்காது. அவர்கள்மீது பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதை மறைத்துப் பேச வைப்பது நியாயமில்லை.

ஒரு தகப்பனார் இரண்டு பஸ் மாறி வந்து என் முன்னால் நின்றார். 'நான் பெத்தவன்மா. எங்கிட்ட சொல்லாத ரகசியம் உங்ககிட்ட என்ன?' கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். 'ஐயா, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. மீதியை அவனே சொல்லட்டும், நான் கூட இருக்கிறேன்' என்றேன். மகனிடம் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் மூவரும் உட்கார்ந்தோம். அன்றைக்கும் அவன் எல்லாவற்றையும் சொல்லவில்லை, பாதிதான் சொன்னான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து பிள்ளையை மருத்துவமனைக்கே கொண்டுபோகாத குடும்பங்களும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் அந்த 2017 சட்டம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமை அரசுக்கு இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய குற்றச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. எனவே தயங்காமல் கூட்டிப் போங்கள்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. ஆலோசகர் மாத்திரை எழுத மாட்டார், மனநல மருத்துவர்தான் எழுதுவார். தேவை என்று தோன்றினால் நாங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளிகள் பிரிவுக்கோ அனுப்புவோம். அங்கே பணம் வாங்குவதில்லை.

கல்லூரியில் சேர்க்கப் போகும்போது மெஸ் எப்படி, பஸ் எத்தனை மணிக்கு, பிளேஸ்மென்ட் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறீர்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்: ஆலோசகர் முழுநேரமா, வாரத்துக்கு எத்தனை நாள் இருப்பார்? அவர் இங்கே பாடம் நடத்துகிறாரா, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருக்கிறாரா? பார்க்க வருகிறவர்களின் பெயரை யார் யார் பார்க்க முடியும்? அலுவலகத்தில் இருப்பவர்கள் முழிக்கலாம். பத்துப் பெற்றோர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு: உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இல்லை, அல்லது இருக்கிறவரை நம்ப முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022-இல் ஆரம்பித்த அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 'என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை' என்றே ஆரம்பியுங்கள், பரவாயில்லை. நன்றி, வணக்கம்.