களத்துக்கு முந்திய ஆயத்தமே!

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பிரித்தானியத் தளபதி வெலிங்டனை உயர்த்தியது களத்து வீரமா, களத்துக்கு முந்திய ஆயத்தமா? ஆயத்தமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, பிரெட்றிக் கோட்டைக்குள் வெல்லஸ்லி இருந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். 1800ஆம் ஆண்டின் கடைசியில் படையோடு திருகோணமலைக்கு வந்த அந்த ஆதர் வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன். படை செங்கடல் பக்கம் போகவேண்டும் என்று தெரிந்ததும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் 1801இல் பம்பாய்க்குக் கப்பலேறினார். ஏன்? படைக்கான உணவை அங்கே சேர்ப்பதுதான் இலகு என்று கணக்குப் போட்டார். நம் துறைமுகத்தில் நின்றபோதே அவருக்குச் சிப்பாயின் வயிறுதான் முதல் கவலை!

எதிரணிச் சகோதரி, இந்தியாவில் மராத்தியரோடு நடந்த அசாயே போரைச் சொன்னார். 1803 செப்டம்பர் 23. வெல்லஸ்லி ஏறியிருந்த குதிரை சாய்ந்தது, உண்மை. ஆனால் அதற்கு முதல் ஆற்றைக் கடக்கவேண்டுமே! துறையே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். இவர் அக்கரையிலும் இக்கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்களைக் கண்டார். போக்குவரத்து இல்லாமலா இப்படிக் குடியிருப்பார்கள்? ஆள் அனுப்பிப் பார்த்தால், துறை இருந்தது. கிண்ணியாவில் பாதை என்ற மிதவைப் படகேறிப் போய்வந்த நமக்கு இந்த யோசனையின் அருமை விளங்கும்.

சரி, போர்த்துக்கல்லுக்கு வாருங்கள். 1809 ஒக்டோபரில், பிரெஞ்சுப் படையைத் தடுக்க, தலைநகர் லிஸ்பனுக்கு வடக்கே மலைத்தொடர் நெடுகக் காவலரண் கட்டச் சொன்னார். ஒரு வருடம் சத்தமில்லாமல் வேலை நடந்தது. 1810 ஒக்டோபரில் பிரெஞ்சுத் தளபதி மசேனா வந்து பார்த்துத் திகைத்து நின்றார். முன்னால் அரண், பின்னால் வெறுமையாக்கப்பட்ட நிலம். பசி தாங்காமல் 1811 மார்ச்சில் அவர் படை பின்வாங்கியது. அந்தப் பசியில் போர்த்துக்கல் சனமும் மடிந்தது, அதை நான் மறைக்கமாட்டேன்.

நெப்போலியனை இவர் வென்ற வாட்டர்லூவை அடுத்துப் பேசுபவர் எடுப்பார். அந்தப் போர்க்களத்து மேட்டையும் 1814இலேயே பார்த்துவைத்தவர் இவர்.

கடைசியாக ஒன்று. 1813இல் பிரான்சுக்குள் நுழைந்ததும் இவர் கீழிருந்த ஸ்பானியப் படைகள் ஊர்களைக் கொள்ளையடித்தன. ஆள்பலம் குறையும் என்று தெரிந்தும் அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினார். எடுத்த தானியத்துக்குக் காசு கொடுக்கச் சொன்னார். படை வந்தால் சனம் என்ன பாடுபடும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பெழுதும்போது அந்தத் தானியக் காசையும் கணக்கில் சேருங்கள்.