இந்தத் தடவை கேட் தொறந்திருந்துச்சு!

வணக்கம் மக்களே! டென்மார்க்ல இருக்கிற கிரோஸ்டன் அரண்மனைப் பூங்காவுக்குள்ள போயாச்சு! ஜூலை வீடியோ பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோபன்ஹேகன்ல இருந்து கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ரயில்ல போனேன். ராஜா குடும்பம் வந்து தங்கியிருக்குன்னு பூங்காவையே பூட்டியிருந்தாங்க. கரடித்தோல் தொப்பிக் காவலரை மட்டும் பாத்துட்டுத் திரும்பினேன். அதனால ராஜா குடும்பம் இல்லாத நாளா பாத்துப் போங்க, ப்ளீஸ்.

அரண்மனைக்குள்ள எப்பவுமே விட மாட்டாங்க. பரவாயில்லைங்க, தங்க முலாம் பூசின கூடமெல்லாம் எனக்குப் புடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். தோட்டம்தான் விஷயம்! 1935ல கல்யாணம் பண்ணின, அப்போ இளவரசரா இருந்த ஃபிரெடெரிக், இங்க்ரிட் ஜோடிக்குக் கோடையில தங்கறதுக்காகக் குடுத்த இடம் இது. அந்த இங்க்ரிட் ராணி பாத்துப் பாத்து வளத்த தோட்டம். வெள்ளைச் சுவர் ஓரமா ரோஜா. அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன்.

அப்புறம் ஆப்பிள்! 1864ல இருந்து 1920 வரைக்கும் இந்தப் பகுதி ஜெர்மன்காரங்க கையில இருந்துச்சு. ஊரோட ஜெர்மன் பேரு கிராவன்ஸ்டைன். ஆமாங்க, அந்த கிராவன்ஸ்டைன் ஆப்பிள் இந்த ஊர்க்காரன்தான்! 2005ல டென்மார்க்கோட தேசியப் பழம்னே அறிவிச்சாங்க.

ரோட்டோரமா ஒரு பெட்டிக்கடை. ஆள் கிடையாது, ஒரு பை 25 குரோனர், காசை டப்பாவுல போட்டுட்டு எடுத்துக்கணும். என் போன் வீடியோ எடுத்தே செத்துப்போச்சு, செயலியில கட்ட முடியல. பர்ஸ்ல ஒரே ஒரு 20 குரோனர் காசு. அஞ்சு குறையுது! பையைக் கொட்டித் தேடினேன், கோட்டுப் பாக்கெட்டைத் துழாவினேன். கோட்டோட கிழிஞ்ச உள்பக்கத் துணிக்குள்ள விரல்ல ஏதோ ஓட்டை தட்டுப்படுது. நடுவுல ஓட்டை போட்ட 5 குரோனர் காசு! அங்கயே கத்திட்டேன்.

அடடா, அரண்மனைத் தேவாலயத்தை விட்டுட்டேன் பாருங்க. 1757ல அரண்மனை எரிஞ்சப்ப தப்பிச்சது அதுதான். சுவர் முழுக்க ஓவியம், ஒரு சாண் இடம் விடல. இன்னொண்ணு, தீக்குச்சி விக்கிற சின்னப் பொண்ணு கதை இருக்கில்ல, அதை டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சன் 1845ல இங்க தங்கியிருந்தப்பதான் எழுதினார்.

சரி, இதோ அந்தப் பழம். கடிக்கிறேன், சத்தம் கேக்குதா? மொதல்ல புளிப்பு, அப்புறம்தான் இனிப்பு. சூப்பர் மார்க்கெட் ஆப்பிள்ல இந்த வாசனை வரவே வராது. மீதி ஆறு இருக்கு, நாளைக்கு வேகவெச்சு க்ரீம் போட்டு எடுக்கிறேன்.