கீழ்ப்படுக்கை கேட்ட கைதி

நண்பர்களே, வணக்கம்.

1973 நவம்பர் 9. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சிறை ஒன்றில், லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கைதி ஜே.டபிள்யூ. கேம்பிள் மேல் பருத்திப் பொதி ஒன்று விழுந்தது. எடை 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்கு மேல்.

அப்புறம் நடந்ததை அவரே கைப்பட மனுவாக எழுதினார். வக்கீல் கிடையாது. முதுகில் சுளுக்கு என்ற மருத்துவர், அவருக்குக் கீழ்ப்படுக்கை கொடுக்கச் சொன்னார். சிறை அதிகாரிகள் கொடுக்கவில்லை. முதுகு முறிகிற வலியோடு ஒரு மனிதன் மேல்படுக்கைக்கு ஏறி இறங்குவதைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். வலியால் வேலைக்குப் போக முடியவில்லை என்றார். அதற்குத் தனிமைச் சிறை. அங்கே நெஞ்சுவலி வந்தது. பிப்ரவரி 7 அன்று மருத்துவரைக் கேட்டார், காவலர்கள் மறுத்தார்கள். 8ஆம் தேதியும் மறுத்தார்கள். 11ஆம் தேதி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரத்தில் இருப்பவர் ஒருவரின் அரசியல் சாசன உரிமையைப் பறித்தால் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவருக்குக் கைகொடுத்தது. கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் கிளானின் வெறியாட்டத்தை ஒடுக்க வந்த சட்டம் அது. கீழ் நீதிமன்றம் மனுவை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1976இல் நீதிபதி தர்குட் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். கைதி தானாக ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. சிறை பார்க்காவிட்டால் அவரைப் பார்க்க ஆளே இல்லை. ஆகவே, கடுமையான நோய் என்று தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது, அரசியல் சாசனம் தடை செய்த கொடூரத் தண்டனைதான் என்றார். ஆனால் கேம்பிளுக்கு? எக்ஸ்ரே எடுக்காதது மருத்துவரின் முடிவு, அதிகம் போனால் சிகிச்சைக் குறைபாடு என்று சொல்லி, மருத்துவர் மீதான புகாரை நிராகரித்தார்கள். அவர் மனுவால் பிறந்த உரிமை அவருக்கே முழுசாக உதவவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

சரி, இன்றைக்கு அதே மனுவை எழுதினால்? 1996இல் வந்த சட்டப்படி, முதலில் சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து, மேல்முறையீடும் செய்து முடிக்க வேண்டும். ஒரு படியைத் தவறவிட்டாலும் வழக்கு தள்ளுபடியாகிவிடும். பரம ஏழையானாலும் 350 டாலர் கட்டணத்தைத் தவணையாகப் பிடிப்பார்கள். அந்தப் புகாரையும், மருத்துவரிடம் விட மறுத்த அதே சிறை நிர்வாகத்திடம்தான் கொடுக்க வேண்டும்.