நாலே முக்கால் கிலோ மல்லிகை

நேயர்களுக்கு வணக்கம்.

கணினி நிரலைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. எழுதிக் காட்ட முடியாது; அடைப்புக்குறியைக்கூட வாயால்தான் போட வேண்டும். அதனால் பூவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான ஒரு கமிஷன் மண்டி இருக்கிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விடிவதற்குள் சரக்கு வந்துவிடும். தராசில் எடை போட்டு, எத்தனை கிராம் என்று கம்ப்யூட்டரில் தட்டினால் விவசாயி பெயர், எடை, விலை, கமிஷன் போகக் கையில் கொடுக்க வேண்டிய தொகை எல்லாம் சீட்டாக வந்துவிடும். முதலாளியின் அக்கா மகன் கல்லூரியில் படித்த காலத்தில் பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்த நிரல் அது. முந்நூறு வரிகூட இருக்காது. பையன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். அவன் எழுதியது மட்டும் பத்து வருஷத்துக்கு மேல் மண்டியிலேயே இருந்து சீட்டு போட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிது வாங்கி, நிரலை பென் டிரைவில் கொண்டுவந்து போட்டார்கள். ஓடவில்லை. எனக்கு போன் வந்தது. "தம்பி, ஒரு எழுத்துகூட நாங்க மாத்தல. பழைய பெட்டியில ஓடினது இதுல ஏன் ஓட மாட்டேங்குது?"

நியாயமான கேள்விதான். பழைய பெட்டியில் இருந்தது பைத்தான் 2.7, புதியதில் இருந்தது பைத்தான் 3. கைடோ வான் ராசம் உருவாக்கிய இந்த மொழியின் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. மொழியில் இருந்த சில பழைய கோணல்களைச் சரிசெய்வதற்காக, பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் அதை வெளியிட்டார்கள். 2.7 பதிப்பு 2010இல் வந்தது. அதற்கான ஆதரவை 2015இல் நிறுத்துவதாக இருந்தது. பழைய நிரல்களை வைத்திருந்தவர்கள் அத்தனை பேர் இருந்ததால் 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். இதெல்லாம் மண்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு ஜனவரி என்றால் தை மாத முகூர்த்தங்களுக்கு முந்தின சமயம், அவ்வளவுதான்.

சரி, வேலையில் உட்கார்ந்தேன். முதலில் வந்த பிழை, பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லை என்பது. பழைய பதிப்பில் அது வேண்டாம், புதியதில் கட்டாயம் வேண்டும். அடுத்தது, பூ வகைக்கு விலை இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்திய ஹேஸ் கீ என்ற வசதி, அதையே எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்தது, தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ரா இன்புட், இப்போது வெறும் இன்புட். இந்த மாதிரிப் பிழைகளை நான் பிழை என்றே சொல்ல மாட்டேன். எந்த வரி என்று கணினியே கைநீட்டிக் காட்டுகிறது. இவற்றை மாற்றித் தர டூ டு த்ரீ என்று ஒரு கருவியே பைத்தானோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. 3.13 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டதால், வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய பதிப்பைத் தேடித்தான் போக வேண்டும்.

அரை மணி நேரத்தில் நிரல் ஓடிவிட்டது. 5 கிலோ போட்டுப் பார்த்தேன், கணக்கு சரி. 10 கிலோ போட்டேன், அதுவும் சரி. டீ சொல்லச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நிமிர்வு மறுநாள் காலை வரைதான்.

மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். பெரியவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு சீட்டையும் ஒரு தரம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் எண்ணுவார். கிலோ 600 ரூபாய் விற்ற அன்று ஒரு சீட்டு வந்தது: 4 கிலோ 750 கிராம், 3300 ரூபாய். அவர் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நாலே முக்கால் கிலோ. அஞ்சு கிலோன்னாலே மூவாயிரம்தான். கால் கிலோவுக்கு நூத்தம்பது கழிச்சா ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது. இந்த நானூத்தம்பது எங்கிருந்து வந்துச்சு தம்பி?"

எனக்கும் புரியவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் இல்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. அந்தப் பையன் 4750 கிராமை ஆயிரத்தால் வகுத்துக் கிலோ எடுத்திருந்தான். மீதி எவ்வளவு என்று கேட்டுக் கிராம் எடுத்திருந்தான். பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை வெட்டிவிட்டு 4 என்றுதான் தரும். மீதி 750. கணக்கு கச்சிதம். பைத்தான் 3இல் அதே வகுத்தல் 4.75 என்று தருகிறது. மீதி அப்போதும் 750தான். ஆக அந்த முக்கால் கிலோவுக்கு இரண்டு தடவை விலை போட்டாகிவிட்டது. சரி, சீட்டில் 4.75 என்று அச்சாகியிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்குமே என்றால், அச்சிடும் வரியில் முழு எண்ணாகக் காட்டு என்று குறி போட்டிருந்தான். அது 4.75ஐ வெட்டி 4 என்று அழகாகக் காட்டிவிட்டது. நான் சோதித்ததோ 5 கிலோவும் 10 கிலோவும். மீதியே இல்லாத எடைகள்!

மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறிதான். சாய்கோடு ஒன்று இருந்த இடத்தில் இரண்டு சாய்கோடு. அப்படிப் போட்டால் பழையபடி பின்னம் வெட்டப்படும். டூ டு த்ரீ கருவி இதைத் தொடாது, ஏனென்றால் எழுதியவன் மனதில் எந்த வகுத்தல் இருந்தது என்று அதற்குத் தெரியாது. நான் செய்திருக்க வேண்டியது இன்னொன்று. பழைய 2.7ஐ ஓட்டும்போதே கழித்தல் குறியும் 3ம் சேர்த்துக் கொடுத்தால், இந்த மாதிரி வகுத்தல் வருகிற இடங்களை எச்சரிக்கையாகச் சொல்லிக்கொண்டே போகும். அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் பெயர்ப் பட்டியல். விவசாயிகளின் பெயர்கள் தமிழில், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப் 8 என்ற முறையில் இருந்தன. தமிழ் எழுத்தைக் கணினி எப்படி எண்ணுகிறது என்பது தனிக் கதை. மதுரை என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் 2இல் அதைச் சாதாரண சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, கொடுத்து நீளம் கேட்டால் 15 என்கிறது; சேமிக்க எடுக்கும் இடத்தின் அலகான பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 கேட்டால் 5 என்கிறது: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. நம் மூன்றை இரண்டுமே சொல்லவில்லை. சீட்டில் பெயருக்கு 36 பைட் என்று பையன் இடம் ஒதுக்கியிருந்தான். புதியதில் அது 36 குறிகளாகி, நீளமான பெயர்கள் தொகைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்தன.

அதைவிட வேடிக்கை, கோப்பைப் படிப்பதில். ஆங்கில விண்டோஸில் பைத்தான் 3, முறை என்னவென்று நாம் சொல்லாவிட்டால், ஒரு மேற்கத்திய எழுத்து அட்டவணையை வைத்துத் தமிழைப் படிக்கப் பார்க்கிறது. அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. நம் மெய்யெழுத்தின் புள்ளியும் உகரக் குறியும் யுடிஎஃப் 8இல் முடிகிற பைட்டுகள் சரியாக அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன. முருகன் என்று ஒரு பெயர் வந்தால் நிரல் நின்றுவிடும். ராமையா என்று மட்டும் எழுதிச் சோதித்தால் நிற்காது. புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. என்னவோ பிரெஞ்சு மாதிரி கிறுக்கலாக அச்சாகும், அவ்வளவுதான். கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் யுடிஎஃப் 8 என்று சேர்த்தால் தீர்ந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு கல்லூரி மாணவர் வீட்டில் புத்தம்புது மடிக்கணினியில் எழுதிய நிரல், ஆய்வகத்து விண்டோஸ் 7 கணினியில் ஓடவில்லை என்று வந்தார். விண்டோஸ் 7க்குக் கடைசியாகக் கிடைக்கும் பைத்தான் 3.8. எது பொருந்துகிறது என்று பார்த்து வழி பிரிக்க அவர் எழுதியிருந்த மேட்ச் என்ற அமைப்பு 3.10இல்தான் வந்தது. இஃப், எலிஃப் என்று பழைய முறையில் மாற்றி எழுதினோம், பத்து நிமிஷ வேலை.

மண்டிக்குத் திரும்புகிறேன். கணக்குப்பிள்ளையிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். புதிய கம்ப்யூட்டரிலேயே 2.7ஐயும் நிறுவினேன், பைத்தானின் இணையதளத்தில் அது இன்னும் கிடைக்கிறது, இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். பழைய வட்டிலிருந்து மீட்ட ஒரு வாரத்து எடைகளைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி, வந்த இரண்டு கோப்புகளையும் விண்டோஸின் எஃப்சி என்ற கட்டளையால் ஒப்பிட்டேன். வித்தியாசமான வரிகளை அது எடுத்துக் காட்டும். நிரலைப் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். நெட் இணைப்பே இல்லாத கம்ப்யூட்டரில் 2.7ஐயே வைத்து ஓட்டிவிட்டுப் போவதும் பெரிய பாவமில்லை என்பது என் கட்சி; ஆனால் இந்த முதலாளி சீட்டை வாட்ஸப்பில் அனுப்ப ஆசைப்பட்டார்.

ஒப்பிட்டதில் கடைசியாகச் சில வரிகள் மிஞ்சின. எல்லாமே கமிஷன், எல்லாமே ஒரு ரூபாய் வித்தியாசம். 28 ரூபாய் 50 காசை ரவுண்ட் செய்யச் சொன்னால் பழையது 29 என்றது, புதியது 28 என்றது. சரிபாதியில் வரும்போது பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது பைத்தான் 3இன் வழக்கம். விவசாயிக்கு லாபம்தானே, இருக்கட்டுமா என்று முதலாளியைக் கேட்டேன்.

"ஒரு ரூபா போனா போகுது தம்பி. ஆனா 27.50க்கு என்ன சொல்லும்?"

"28 சொல்லும்ணே."

"அதெப்படி, இதுல மேல போகுது, அதுல கீழ போகுது? ரெண்டு பேரு சீட்டை வச்சுக்கிட்டு வந்து நின்னா நான் என்னன்னு சொல்ல? பழையபடியே போட்டுரு."

அரை ரூபாயைக் கூட்டிப் பின்னத்தை வெட்டும்படி இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். கணக்குப்பிள்ளை இன்னும் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பணம் எண்ணுகிறார்.

நன்றி, வணக்கம்.